இருபத்து நாலு வருஷம், பதினோரு மாசம்

2024 மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை இருக்கும். ரசச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பழைய கவரைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தென்னாப்பிரிக்க அஞ்சலகத்தின் டெலிவரி டெப்போவில் தபால் பிரிக்கிறவர். டர்பன் பக்கத்து உம்லாசிக்காரர், ஜூலு இனத்தவர். வயது நாற்பத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்த தேதி 1999 ஜூன் 1. வேலை முடிகிற தேதி 2024 ஏப்ரல் 30.

மாசச் சம்பளம் 9,100 ராண்ட். 4.333ஆல் வகுத்தால் வாரத்துக்கு 2,100. ஆட்குறைப்பில் போகிறவருக்கு முழுதாக முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு வேலை நிபந்தனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. 24 பெருக்கல் 2,100. ஐம்பதாயிரத்து நானூறு. நோட்டீஸ் பணமும் எடுக்காத லீவுப் பணமும் தனி. தொழிற்சங்கம் இதற்கு மேலே கேட்கிறது, ஆனால் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சட்டம் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்.

அவர் கவரைத் தன் பக்கம் திருப்பி மறுபடி எண்ணிப் பார்த்தார். "இருபத்து நாலு வருஷமும் பதினோரு மாசமும் ஆகுது, அன்ட்டி. அந்தப் பதினோரு மாசம் எங்கே?"

"முடிஞ்ச வருஷம்னுதான் சட்டத்தில் எழுதியிருக்கு, தம்பி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த ஆள் வாசலில் காத்திருந்தார்.

அந்த மாசம் முழுக்க இப்படித்தான் போனது. இந்த வலைப்பூவில் வழக்கமாகத் தமிழ்ப் பாடம், கோயில், அம்மாவின் கைப்பக்குவம் என்று எழுதுகிறேன். இரண்டு மாசமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து சிலர் கேட்டிருந்தீர்கள். இதுதான் காரணம்.

நான் அஞ்சலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். 1984ல் சேர்ந்தேன், 2022ல் அறுபது முடிந்து ஓய்வு. பெரும்பகுதி கவுண்ட்டரில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில். பிறகு இருபது வருஷம் சங்கத்தின் ஷாப் ஸ்டூவர்ட், அதாவது வேலையிடத்தில் தொழிலாளிகள் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதி. இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்ததும் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "அன்ட்டி, நீங்கள் 189 பார்த்தவர், கூட உட்காருங்கள்" என்றார்கள். உட்கார்ந்தேன்.

189 என்றால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு. ஆள் குறைக்க நினைக்கிற நிர்வாகம் முதலில் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஏன் குறைக்கிறாய், எத்தனை பேர், யாரை எப்படித் தேர்ந்தெடுக்கிறாய், வேறு வழி பார்த்தாயா, என்ன கொடுக்கப் போகிறாய் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பெரிய அளவில் குறைத்தால் சிசிஎம்ஏ என்கிற சமரச ஆணையத்தின் ஆள் நடுவில் உட்காருவார். அறுபது நாள் கெடு. நம் ஆட்களில் பாதிப் பேர் அந்த அறுபது நாளைத் தீர்ப்புக்குக் காத்திருக்கிற நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேச வேண்டிய நாள் அது என்று புரியவைக்கவே எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனத்தைத் தற்காலிகக் கலைப்பில் போட்டது. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். ஜூலையில் கலைப்பிலிருந்து எடுத்து 'பிசினஸ் ரெஸ்கியூ' என்கிற வணிக மீட்பில் வைத்தார்கள். இரண்டு மீட்பாளர்கள் பொறுப்பெடுத்தார்கள். அந்த வருஷப் பட்ஜெட்டில் அரசு 240 கோடி ராண்ட் ஒதுக்கியது. டிசம்பரில் கடன் கொடுத்தவர்கள் மீட்புத் திட்டத்தை ஏற்றார்கள். திட்டத்தின்படி ஆயிரத்துச் சொச்சம் கிளைகள் சுமார் 600 ஆக வேண்டும், பதினோராயிரம் பேரில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் போக வேண்டும். பேசிப் பேசி அந்த ஆறாயிரம் குறைந்தது. ஆனாலும் நாலாயிரத்துக்கு மேல் வீட்டுக்குப் போகிறார்கள். திட்டம் ஓட இன்னும் 380 கோடி வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. 2024 மே மாசம் வரை அந்தப் பணம் வரவில்லை.

'மீட்பு' என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆற்றில் விழுந்தவரை மீட்பது, அடகு வைத்த நகையை மீட்பது. பாதியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவதற்கும் அதே சொல் என்று இந்த வருஷம் தெரிந்துகொண்டேன்.

2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 144ஆம் பிரிவை எங்கள் கூட்டத்தில் நான் இரண்டு தடவை உரக்கப் படித்தேன். மீட்பில் இருக்கிற கம்பெனியில் தொழிலாளிகளுக்கு என்ன உரிமை என்று அது சொல்கிறது. சங்கத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், திட்டத்தைப் பற்றிக் கலந்து பேச வேண்டும், சங்கம் கருத்துச் சொல்லலாம். இதெல்லாம் நல்ல உரிமைகள், போராடிப் பெற்றவை. ஓட்டுப் போடுகிற இடத்துக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. 152ஆம் பிரிவின்படி திட்டம் நிறைவேறக் கடன் கொடுத்தவர்களின் ஓட்டு மதிப்பில் 75 விழுக்காடு வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கியோ அதற்குத் தக்க ஓட்டு. கட்டடத்துக்காரருக்கு வாடகை பாக்கி என்றால் அவருக்கு ஓட்டு உண்டு. இருபத்தைந்து வருஷம் தபால் பிரித்த ஆளுக்குச் சம்பளப் பாக்கி எதுவும் இல்லையென்றால் ஓட்டு இல்லை. கருத்துத்தான் உண்டு. இதைப் படித்து முடித்தபோது பின்வரிசையில் ஒரு பெண், "அப்போ என் வருஷங்கள் கடன் இல்லையா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக இந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு அஞ்சல் நிறுவனச் சட்டத்தைத் திருத்துகிற மசோதா, 2023ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எங்கள் சங்கத்தில் சிலர் படிக்காமலேயே அதை எதிர்த்தார்கள். நான் படித்தேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்ல எண்ணம்தான். கடிதம் குறைந்துவிட்டது, ஆகவே அஞ்சலகம் இனி இணையக் கடைகளின் பார்சலைக் கொண்டுசேர்க்கட்டும், அரசுச் சேவைகள் எல்லாம் கிடைக்கிற இடமாகட்டும், ஊர்ப்புறத்தில் டிஜிட்டல் மையமாகட்டும் என்கிறது. இதையேதான் நாங்கள் பல வருஷமாகச் சொல்லிவந்தோம். என் கேள்வி ஒன்றுதான். மையம் வைக்கக் கட்டடம் வேண்டாமா? ஒரு கையால் சட்டத்தில் கிளைகளுக்கு வேலையை எழுதிவைத்துக்கொண்டு, மறு கையால் கிளைகளைப் பூட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கிறது. 1998ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டமும் இப்படித்தான். ஒரு கிலோ வரைக்குமான தபால் அஞ்சலகத்துக்கே உரியது என்று அதில் இருக்கிறது. தெருவில் கூரியர்க்காரர் மோட்டார்சைக்கிளில் என்னென்ன கொண்டுபோகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தாளில் மட்டும் இருக்கிற உரிமையை வைத்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம், அது எங்கள் தப்பு.

தப்பு என்று சொன்னதால் 2014ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வேலைநிறுத்தம். கேஷுவல் தொழிலாளிகளை நிரந்தரமாக்கு என்பது முக்கியமான கோரிக்கை. வருஷக்கணக்காக அதே மேசையில் அதே வேலை பார்க்கிறவருக்குப் பாதிச் சம்பளம், லீவு இல்லை, மருத்துவம் இல்லை. அந்தக் கோரிக்கை நியாயம், இன்றைக்கும் நான் அதில் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்த மாசங்களில் பில் அனுப்புகிற பெரிய வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலுக்குப் போய்விட்டார்கள், திரும்பவே இல்லை. கதவுக்கு வெளியே நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நாங்கள், கதவுக்கு முன்னால் கடிதத்துக்காக வந்து நின்ற பொதுஜனத்திடம் ஏன் நிற்கிறோம் என்று போதுமான அளவு சொல்லவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் கோபித்துக்கொண்டார். கோபித்தாலும் அது உண்மை.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான இடம். 1987.

அப்போது தபாலும் டெலிபோனும் ஒரே இலாகா, 1991லதான் பிரிந்தது. நான் சேர்ந்து மூன்று வருஷம், இருபத்தைந்து வயது. முந்தின வருஷம்தான் போட்வா என்ற சங்கம் உருவாகியிருந்தது, கறுப்பினத் தபால், தொலைபேசித் தொழிலாளிகளுடையது. நிறத்துக்கு ஒரு சம்பளம் என்ற காலம். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியர்கள் நாங்கள் பெரும்பாலும் உள்ளே போனோம். எங்களுக்கு வெள்ளையரைவிடக் கம்மி, அவர்களைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் 'கொஞ்சம் கூட' எங்களைப் பிடித்துவைத்திருந்தது.

காலை எட்டு மணி. வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு தினமும் பத்து மணிக்கு டீ கொண்டுவந்து கொடுக்கிற அம்மா நடுவில் நிற்கிறார். பச்சை ஸ்கார்ஃப். என்னைப் பார்த்தார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். போய் முத்திரைக் கட்டையில் தேதி மாற்றினேன்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா மாலைநேரத் தமிழ்ப் பள்ளி வாத்தியார், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. என்னைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். 1913ல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுண்டு வரிக்கு எதிராக நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகள் வேலையை நிறுத்தினபோது அவர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் இருந்தார். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அடுத்த வருஷம் வரி போனது. "அந்த வருஷமும் உள்ளே போனவங்க இருந்தாங்க, பாப்பா. அவங்களுக்கும் சேர்த்துத்தான் வரி போச்சு," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடப் போய்விட்டார்.

1996ல் போட்வாவும் மற்ற சங்கங்களும் சேர்ந்து கம்யூனிகேஷன் ஒர்க்கர்ஸ் யூனியன் ஆனபோது எங்கள் கிளையில் முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் நான் ஒருத்தி. டீ கொண்டுவந்த அம்மா அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இந்த வருஷக் கூட்டத்துக்கு வருகிறேன். சமுதாயக் கூடத்தில் சுமார் அறுபது பேர். இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எத்தனை பேரைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை பேர், போகிறவர்களுக்கு எவ்வளவு கூட வாங்க முடியுமோ அவ்வளவு, அதை மட்டும் பார்ப்போம் என்றது ஒரு பக்கம். கிளையை மூடவிடக் கூடாது, கிளை போனால் அடுத்த முறை மிச்சம் இருக்கிறவர்களும் போவார்கள் என்றது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம் பேசினேன். பென்ஷன் வாங்குகிறவள் இரண்டாவது பக்கம் பேசுவது சுலபம் என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால், உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி எழுந்தேன்.

அவனிடம் நான் சொன்னது வரிசையைப் பற்றி. 2018ல் அரசு உதவித்தொகை தருகிற வேலை ஒரு தனியார் கம்பெனியிடமிருந்து அஞ்சலகத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. கோவிட் வருஷத்தில் மாசம் 350 ராண்ட் நிவாரணம் அறிவித்தார்கள், 2024 ஏப்ரலிலிருந்து அது 370. பணம் தருகிற நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிளை வாசலில் ஆள் இருக்கும். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து, வெல்பெடாக்டிலிருந்து. ஜூலுக் கோகோக்களும், அதாவது பாட்டிகளும், நம் ஆயாக்களும் ஒரே போர்வையைப் பங்கிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பணத்தைச் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. வரிசை குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் உதவித்தொகைக் கார்டு வேலை செய்யவில்லை என்றால் கல்லாப் பெண் என்ன செய்வாள்? அவளுக்குப் பின்னால் மளிகைச் சாமானோடு இருபது பேர். கவுண்ட்டரில் நாங்கள் பாரம் எழுதிக்கொடுப்போம், போன் போட்டுக் கேட்போம், ரேகை தேய்ந்துபோன விரலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வோம். கரும்பு வெட்டின கை, துணி துவைத்த கை. ரேகை எங்கே இருக்கும்?

"அந்தக் கோகோக்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடு," என்றேன். "நாம் அறுபது பேர் பேசினால் சம்பளத்துக்குப் பேசுகிறோம் என்பார்கள். அவர்கள் பேசட்டும்."

கிளையை மூட வேண்டாம் என்று கையெழுத்து வாங்க மூன்று சனிக்கிழமை சுற்றினோம். மாரியம்மன் கோயில் வாசல், மசூதி வாசல், இரண்டு சர்ச், பஸ் ஸ்டாண்ட். நாற்பத்திரண்டு தாள் கையெழுத்து. கைக்குழந்தைக்காரப் பையன்தான் அதிகம் வாங்கினான், ஜூலுவில் பேசத் தெரிந்தவன், பொறுமைசாலி. தாள்களைக் கட்டி, மேலே கடிதம் வைத்து, பதிவுத் தபாலில்தான் அனுப்பினோம். கூரியர் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை வந்தது.

கிளை மூடப்பட்டது. கையெழுத்து தடுக்கவில்லை.

கடைசி நாள் நான் போயிருந்தேன். வாடிக்கையாளர் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்த மாதிரித் தோன்றவில்லை. வழக்கம்போல் வாகன லைசன்ஸ் டிஸ்க் புதுப்பிக்க ஒருவர், தபால் பெட்டிச் சாவியோடு ஒருவர் என்று வந்துகொண்டிருந்தார்கள். நாலரை மணிக்கு முத்திரைகளை மேசையில் வரிசையாக வைத்து எண்ணினார்கள். மூன்றாவது என்னுடையது. எஃகுத் தலை, மரப்பிடி. என் உள்ளங்கை பட்டுப்பட்டுப் பிடியின் ஒரு பக்கம் மட்டும் மெழுகு போட்டதுபோல் மினுங்கும். நான் இடக்கைக்காரி, ஆகவே தேய்மானம் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம். காலையில் முதல் வேலை, சின்ன இடுக்கியால் நேற்றைய தேதிக் கட்டையைப் பிடுங்கி இன்றைய கட்டையைச் செருகுவது. செருகியதும் ஒரு வெற்றுத் தாளில் ஒரு முறை குத்திப் பார்த்து, எழுத்து நிமிர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். எண் தலைகீழாகச் செருகிவிட்டால் அன்றைய பதிவுத் தபால் எல்லாம் வம்பு. முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது.

இப்போது அந்தக் கவுண்ட்டரில் இருக்கிற பெண் கடைசியாக ஒரு தாளில் மூன்றாவது முத்திரையைக் குத்தி என்னிடம் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, எண்ணிக்கை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, வாய்க்கட்டுக் கட்டினார்கள். பூட்டும்போது வெளியே நின்ற ஒரு கோகோ, "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டார். அடுத்த கிளைக்கு அவர் இரண்டு டாக்ஸி மாறிப் போக வேண்டும். பையன்தான் அவரை உட்காரவைத்து வழி சொன்னான்.

தேர்தல் 2024 மே 29ஆம் தேதி. எங்கள் தெருவில் எல்லாக் கட்சிக்காரரும் வந்துபோய்விட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். அந்த 380 கோடியைத் தருவீர்களா, மாட்டீர்களா? கிளைகளை ஒன்றுமில்லாமல் மூடிவிட்டு மசோதாவில் எழுதின மையங்களை எங்கே வைப்பீர்கள்? ஒருவர் துண்டறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் நின்று, பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

டர்பன் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆட்குறைப்பில் வேலை போனவர் இருந்தால், வரும் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கோயில் மண்டபத்துக்கு அனுப்புங்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் பெரியவர்கள் உதவிக்கு இருப்பார்கள். யுஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கான பாரம் நிரப்பிக்கொடுப்போம். அடையாள அட்டை, யுஐ-19 தாள், வங்கிக் கணக்குக்கான யுஐ-2.8 தாள் மூன்றையும் கொண்டுவர வேண்டும். யுஐ-19ஐ வேலை கொடுத்தவர்தான் தர வேண்டும், தரவில்லை என்றாலும் வாருங்கள், கேட்டுக் கடிதம் எழுதலாம். வேலை பார்த்த நாட்களை வைத்துக் கணக்கு, அதிகபட்சம் 365 நாள். ஆட்குறைப்புப் பணத்தில் 550,000 ராண்ட் வரை வரி கிடையாது, ஆனால் அது வாழ்நாளுக்கு ஒரே கணக்கு. முன்பே அந்த வரம்பிலிருந்து ஏதாவது எடுத்திருந்தால் அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். ஜூலுவில் பேச அந்தப் பையன் வருகிறான். டீயும் வடையும் உண்டு.

உம்லாசித் தம்பி போன வாரமே வந்துவிட்டுப் போனார். மடித்த கவரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் போட்ட கணக்குக்குக் கீழே, பென்சிலால், பதினோரு மாசத்தையும் சேர்த்து அவரே ஒரு கணக்குப் போட்டிருந்தார். 52,325. அதைச் சங்கத்துக் கடிதத்தில் அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன்.